உங்கள் ஆராய்ச்சியை நிருபரிடம் சொல்வது எப்படி

சாயங்காலம் நாலரை மணி வாக்கில் ஃபோன் வரும். "சார், உங்க ஆராய்ச்சி பத்தி ஒரு ரிலீஸ் வந்திருக்கு, அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று ஒரு நிருபர் கேட்பார். அவருக்கு அன்றைக்கு அது நாலாவது செய்தி. காலையில் கலெக்டர் ஆபீஸில் மனு நாள், மத்தியானம் ஒரு விபத்து, அப்புறம் ஒரு ஆர்ப்பாட்டம், இப்போது நீங்கள் ஆறு வருடம் உழைத்த ஆராய்ச்சி. ஆறு மணிக்குள் காப்பி, அதாவது எழுதிய செய்தி, ஆபீஸுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் சொல்வதைத்தான் மறுநாள் காலையில் டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிப்பார்.

பதினோரு வருடம் மாவட்ட நிருபராக அந்த ஃபோனைச் செய்துகொண்டிருந்தேன். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் அந்த ஃபோனை எடுக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: ஆராய்ச்சிச் செய்தி திரிவது பெரும்பாலும் நிருபரின் மேசையில் இல்லை, அதற்கு முன்பே நாம் அனுப்பும் ரிலீஸில், அதாவது செய்திக் குறிப்பில். இது என் அனுபவம் மட்டும் இல்லை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பெட்ராக் சம்னர் குழு 2014ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வை வெளியிட்டது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011ல் வெளியிட்ட, உடல்நலம் தொடர்பான 462 செய்திக் குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரையோடும் வந்த செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விலங்கு ஆய்வுகள் பற்றிய குறிப்புகளில், அதை மனிதர்களுக்குப் பொருந்துவதுபோல் நீட்டிச் சொன்னவை 36 சதவீதம். குறிப்பிலேயே அந்த மிகை இருந்தால், அதிலிருந்து பிறந்த செய்திகளில் 86 சதவீதத்தில் அதே மிகை. குறிப்பு ஒழுங்காக இருந்தபோது 10 சதவீதத்தில் மட்டும்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: மிகைப்படுத்தியதால் கூடுதலாகச் செய்தி வந்தது என்பதற்குப் பெரிதாக ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அதனால் ஃபோனுக்குப் போகும் முன், குறிப்பில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல் இரண்டு வாக்கியம் உங்களுடையது

நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து வரும் ரிலீஸ் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். லெட்டர்பேடு. தாளாளர் தலைமை தாங்கினார், செயலாளர் முன்னிலை வகித்தார், முதல்வர் வரவேற்றார், துறைத் தலைவர் வாழ்த்துரை வழங்கினார். மூன்றாவது பத்தியில் பேராசிரியரின் பெயரும் பட்டங்களும். கடைசிப் பத்தியில், இரண்டு வரி, ஆராய்ச்சி. பத்திரிகை டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் இடத்தில், இடம் போதாவிட்டால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள், அதுதான் காலம் காலமாக வழக்கம். ஆக, நீங்கள் அனுப்பியதில் முதலில் கீழே விழுவது ஆராய்ச்சி. மிஞ்சுவது பொன்னாடைப் படம்.

மாற்றி எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு, நிலக்கடலைத் தோட்டிலிருந்து செய்த கரியை வைத்துக் குடிநீரில் ஃப்ளோரைடைக் குறைக்கும் ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியம்: "நிலக்கடலைத் தோட்டுக் கரி வழியாக வடிகட்டும்போது தண்ணீரில் ஃப்ளோரைடின் அளவு குறைவது ஆய்வகச் சோதனையில் தெரியவந்துள்ளது." இரண்டாவது வாக்கியம்: "இதுவரை ஆய்வகத்தில் மட்டுமே சோதிக்கப்பட்டுள்ளது, வீடுகளில் பயன்படுத்தும் நிலைக்கு இன்னும் வரவில்லை." இவ்வளவுதான். எவ்வளவு இருந்து எவ்வளவாகக் குறைந்தது, இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி, அதற்குள் வந்ததா இல்லையா என்பதெல்லாம் மூன்றாவது வாக்கியத்திலிருந்து வரலாம்.

அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் பிடிவாதமாகக் கேட்பேன். எல்லாரும் ஆய்வின் வரம்பைக் கடைசியில் எழுதுகிறார்கள். ஆய்விதழில் அது சரி, அங்கே கட்டுரையை முழுதாகப் படிப்பார்கள். பத்திரிகையில் கடைசி என்றால் வெட்டுப்படும் இடம். வரம்பு இரண்டாவது வாக்கியத்தில் இருந்தால் அதை வெட்டுவது கஷ்டம், தலைப்பு வைக்கும் சப் எடிட்டரின் கண்ணிலும் அது பட்டுவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு சம்பவம். நிருபராக இருந்த காலத்தில், மூலிகைச் சாறு ஒன்று புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று ஒரு கல்லூரியிலிருந்து ரிலீஸ் வந்தது. தலைப்பிலேயே "மருந்து கண்டுபிடிப்பு" என்று இருந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் செய்த சோதனை என்பது இரண்டாம் பக்கத்தில், ஆங்கிலத்தில், ஒரே ஒரு சொல்லாக இருந்தது. நானும் கேட்கவில்லை, பேராசிரியரும் சொல்லவில்லை. செய்தி வந்த மூன்றாம் நாள் அவர் எனக்கு ஃபோன் செய்தார். அரூர் பக்கத்திலிருந்து ஒருவர் விடியற்காலை பஸ் பிடித்து வந்து, மஞ்சப் பையில் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்களோடு துறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார், மருந்து எங்கே வாங்கலாம் என்று கேட்கிறார், நான் என்ன சொல்லட்டும் என்றார். எழுதியவன் நான். இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. "செல்", "எலி", "கணினி" என்ற சொற்களில் எது உங்கள் ஆய்வுக்குப் பொருந்துகிறதோ அதை முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வையுங்கள். 2020ல் கொரோனாவுக்கு மருந்து என்று வந்த எத்தனையோ செய்திகள், கணினித் திரையில் மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்த ஆய்வுகள்தான். அந்த ஆய்வுகளில் தப்பில்லை. கணினி என்ற சொல் விட்டுப்போனதுதான் தப்பு.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விலை முன்னறிவிப்புகளைப் பாருங்கள். எந்தப் பயிர், எந்த மாதம், எந்தச் சந்தையின் பழைய விலைகளை வைத்துக் கணித்தது, தரமான சரக்குக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை கிடைக்கலாம், எல்லாம் சின்னச் செய்தியில் அடங்கிவிடும். விலையை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வரம்பாகச் சொல்வதைக் கவனியுங்கள். விவசாயி அதைப் படித்துவிட்டு இப்போதே விற்பதா, வைத்திருப்பதா என்று யோசிக்க முடிகிறது.

தமிழ்ச் சொல்லை நீங்களே கொடுங்கள்

ஆங்கிலத்தில் மட்டும் குறிப்பு அனுப்பினால், அதைத் தமிழாக்கப் போவது அந்தத் துறையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், அரை மணி நேரத்தில். மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் என்றால் நூறு கோடி. இதில் ஒரு பூச்சியம் பிசகி வந்த செய்திகளை நிறையப் பார்த்திருக்கிறேன், எனவே எண்களை லட்சம், கோடியிலேயே எழுதிக் கொடுங்கள். பாக்டீரியாவும் வைரஸும் இடம் மாறும். ஒளியாண்டு என்பதைக் காலம் என்று நினைத்து எழுதிவிடுவார்கள், அது தூரம். மைக்ரோபிளாஸ்டிக்குக்கு நுண்ணெகிழி என்ற சொல் இப்போது பழகிவிட்டது. உங்கள் துறையில் அப்படிப் பழகிய சொல் இல்லையென்றால் சொல்லை உருவாக்கிச் சிரமப்பட வேண்டாம், அது என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

சதவீதத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆயிரத்தில் 2 பேருக்கு வந்த நோய் 3 பேருக்கு வருகிறது என்றால் அது 50 சதவீத உயர்வுதான், கணக்கில் பிழையில்லை. ஆனால் "ஆபத்து 50 சதவீதம் அதிகம்" என்று படிக்கிற அம்மா, பாதிப் பேருக்கு வரும் என்றுதான் நினைப்பார். ஆயிரத்தில் இத்தனை பேர் என்று சொல்லுங்கள். அடைப்புக்குறிக்குள் கூட அந்த 50ஐப் போடாதீர்கள், தலைப்புக்கு அதுதான் போய்ச் சேரும்.

எதை அளந்தீர்கள் என்பதைப் பிசகில்லாமல் சொல்வதற்குத் தொல்லியல் நல்ல பாடம். 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் "இரும்பின் தொன்மை" அறிக்கை வெளியானபோது, தமிழ் நிலத்தில் இரும்பின் காலம் 5,300 ஆண்டு என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக், லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆய்வகங்களின் பெயரை வெளிப்படையாகச் சொன்னது நல்ல வழக்கம், உங்கள் குறிப்பிலும் அதைச் செய்யுங்கள். ஆனால் காலம் கணிக்கப்பட்டது இரும்போடு கிடைத்த கரி, பானைத் துண்டு போன்றவற்றுக்கு. அதை வைத்துத்தான் இரும்பின் காலத்தைச் சொல்கிறார்கள். "இரும்பின் வயது" என்பதற்கும் "இரும்போடு கிடைத்த கரியின் வயது" என்பதற்கும் நடுவில்தான் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் வாசகருக்கு விவாதம் எதைப் பற்றி என்றாவது புரியும், கண்டுபிடிப்பின் பெருமையும் குறையாது.

கட்டுரை வரும் வரை பொறுங்கள்

1989 மார்ச் 23, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். ஸ்டான்லி பான்ஸ், மார்ட்டின் ஃப்ளைஷ்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள், சூரியனுக்குள் கடும் வெப்பத்தில் நடக்கும் அணுக்கரு இணைவைச் சாதாரண வெப்பநிலையிலேயே நடத்திவிட்டதாகப் பிரஸ் மீட்டில் அறிவித்தார்கள். ஆய்விதழில் கட்டுரை அப்போது வந்திருக்கவில்லை. உலகம் முழுக்க ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்தன, யாராலும் நம்பகமாகத் திரும்பச் செய்ய முடியவில்லை. இரண்டு பேருமே அதுவரை மதிப்பாக இருந்தவர்கள்.

ப்ரீபிரிண்ட்டாக, அதாவது ஆய்விதழ் ஏற்கும் முன்பே இணையத்தில் போட்ட கட்டுரையாக, மட்டும் இருந்தால், அதைக் குறிப்பிலேயே "பிற வல்லுநர்கள் இன்னும் சரிபார்க்கவில்லை" என்று எழுதுங்கள். ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது என்றால் எம்பார்கோ இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதாவது இன்ன நேரத்துக்கு முன் செய்தி வரக்கூடாது என்ற நிபந்தனை. நேச்சர் இதழில் அது வழக்கமாக லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு விலகும். நமக்கு அது குளிர்காலத்தில் இரவு 9.30, கோடையில் 8.30. மாவட்டப் பதிப்புகள் பல அதற்குள் அச்சுக்குப் போயிருக்கும். எனவே நம்பிக்கையான நிருபர்களுக்கு இரண்டு நாள் முன்பே, எம்பார்கோ நேரத்தைக் கொட்டை எழுத்தில் போட்டு அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கும் கட்டுரையைப் படித்துக் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும். நல்ல செய்தி வருவதற்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் கிடையாது.

ஸ்டான்ஃபோர்டு பட்டியலும் காப்புரிமையும்

இந்த இரண்டைப் பற்றியும் நான் மனம் விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பத்திரிகைகளில் கல்லூரி ஆராய்ச்சி என்று வரும் செய்திகளில் பெரும் பங்கு இவைதான்.

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் வாக்கில் "ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தேர்வு செய்த உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்" என்று வரும். யாரும் யாரையும் தேர்வு செய்யவில்லை. ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜான் அயோனிடிஸ் குழு, எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவிலிருந்து, யாருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டுப் போடும் பட்டியல் அது. முழுப் பணிக்காலத்துக்கு ஒன்று, ஒரு வருடத்துக்கு மட்டும் ஒன்று என இரண்டு பட்டியல். 2024 பதிப்பில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் எத்தனை என்ற விவரத்தையும் சேர்த்தார்கள். அதில் இடம்பெறுவது மதிப்பான விஷயம்தான், மறுக்கவில்லை. குறிப்பில் எப்படி எழுதலாம்? "மேற்கோள் எண்ணிக்கையை வைத்துத் தயாரிக்கப்படும் பட்டியலில், ஓராண்டுப் பிரிவில், இடம்பெற்றுள்ளார். இவர் ஆய்வு செய்வது..." என்று தொடங்கி, அந்த ஆய்வு என்ன என்பதை நாலு வரி சொல்லுங்கள். வாசகருக்குத் தேவை அந்த நாலு வரிதான்.

காப்புரிமை இன்னும் சிக்கல். இந்தியாவில் விண்ணப்பம் போட்டால் பொதுவாக 18 மாதம் கழித்து அது காப்புரிமை இதழில் வெளியிடப்படும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெளியிட்டுவிடுவார்கள். வெளியீடு என்றால் விண்ணப்பம் வந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது, அவ்வளவுதான். பரிசோதனைக்குத் தனியாகக் கேட்க வேண்டும், ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் தேறினால் காப்புரிமை வழங்கப்படும். ஆனால் வெளியீட்டைக் காட்டியே "காப்புரிமை பெற்றார்" என்று ரிலீஸ் வருகிறது. வடிவமைப்புப் பதிவு இன்னொன்று. அது பொருளின் தோற்றத்துக்கு மட்டும் பாதுகாப்பு, அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இல்லை. விண்ணப்பித்தோம், வெளியானது, வழங்கப்பட்டது, வடிவமைப்பு பதிவானது, இந்த நாலில் எது என்று ஒரே சொல்லில் எழுதுங்கள். இதைப் படிப்பவர் நிருபராக இருந்தால், வழங்கப்பட்ட காப்புரிமையின் எண்ணைக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு கட்டமும் உழைத்துத்தான் வருகிறது.

ஃபோன், கேமரா, டிவி விவாதம்

அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் முதலில் அனுமதி விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 அரசுக் கல்லூரி ஆசிரியருக்கும் உண்டு. உங்கள் பதிவாளர் அலுவலகம் பத்திரிகைப் பேட்டிக்கு என்ன கேட்கிறது என்று ஃபோன் வந்த பிறகு விசாரித்தால் ஆறு மணி தாண்டிவிடும். முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி வைத்திருங்கள்.

பேசும்போது, நிருபரின் பெயர், பத்திரிகை, எத்தனை மணிக்குக் காப்பி போகிறது, இந்த மூன்றையும் முதலில் கேளுங்கள். "எழுதியதை எனக்கு அனுப்புங்க, பார்த்துட்டு ஓகே சொல்றேன்" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்தப் பத்திரிகையும் அதை விரும்பாது. அதற்குப் பதிலாக, "நான் சொன்னதா நீங்க போடப்போற வரியையும் எண்ணையும் மட்டும் ஒருதடவை படிச்சுக் காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். நான் நிருபராக இருந்தபோது இப்படிக் கேட்ட பேராசிரியருக்கு ஒருமுறையும் மாட்டேன் என்றதில்லை. ஆறு மணி வரை ஃபோனைக் கையில் வைத்திருங்கள், டெஸ்க்கிலிருந்து சந்தேகம் கேட்டு அழைப்பு வரும் நேரத்தில் நீங்கள் வகுப்பில் இருந்தால் அந்தச் சந்தேகத்தை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். "இது உங்களுக்கு மட்டும், போட வேண்டாம்" என்று எதையும் சொல்லாதீர்கள். போடக்கூடாதது என்றால் வாயிலிருந்து வரக்கூடாது.

படம் கேட்பார்கள். ஆய்வகத்தில், கையில் அந்தப் பொருளோடு, வெளிச்சமான இடத்தில் எடுத்த இரண்டு படங்களைத் தயாராக வைத்திருங்கள். ஆய்வைச் செய்த மாணவியும் அதில் இருக்கட்டும்.

பிரஸ் மீட்டில் நிருபர்களுக்குப் பணக் கவர் கொடுக்கும் பழக்கத்துக்குள் போகவே போகாதீர்கள். டீ கொடுங்கள், கட்டுரையின் நகலைக் கொடுங்கள்.

உங்கள் துறையைத் தாண்டி ஏதாவது கேட்பார்கள். நிலநடுக்கம் வந்த அன்றைக்கு, இயற்பியல் பேராசிரியர் என்பதற்காகவே உங்களுக்கு ஃபோனோ, அதாவது ஃபோனிலேயே பேட்டி, கேட்டு டிவியிலிருந்து அழைப்பு வரும். "அது என் துறை இல்லைங்க, ஆனா சரியான ஆளோட நம்பர் தரேன்" என்று சொல்வது பெரிய உதவி. அதற்காக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பெண் பேராசிரியர்கள் நிறைய இருக்கட்டும், அவர்களிடம் முன்பே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிவி விவாதங்களில் வல்லுநர் நாற்காலி பெரும்பாலும் ஆண்களுக்கே போவதற்கு, நிருபரின் ஃபோனில் ஏற்கெனவே இருக்கும் நம்பர்கள்தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். என் ஃபோனும் அப்படித்தான் இருந்தது.

விவாதத்துக்கே போவதென்றால், தலைப்பு என்ன, கூட யார் யார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். "ஆமாவா, இல்லையா, ஒரே வார்த்தையில்" என்று நெறியாளர் கேட்டால், "ஒரே வார்த்தையில் சொன்னால் தப்பாகிவிடும், இரண்டு வாக்கியம் கொடுங்கள்" என்று சொல்லி, முதலிலேயே தயாரித்த அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தது ஒரு நிறுவனம் என்றால், யாரும் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மறுநாள்

காலையில் இ-பேப்பரைத் திறந்து உங்கள் மாவட்டப் பதிப்பில் பாருங்கள். தப்பு இருந்தால் கோபப்படும் முன் அது நம் குறிப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நிருபருக்கு ஃபோன் செய்து எந்த வரி, அது எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அதையே எழுதியும் அனுப்புங்கள். இணையப் பதிப்பை அரை மணியில் திருத்தித் தருவார்கள். பெரிய தப்பு, திருத்தவும் மறுக்கிறார்கள் என்றால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இருக்கிறது, ஆனால் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் இல்லாமல் அங்கே போக முடியாது.

அப்புறம் துறை அலுவலகத்தின் ஃபோன் அடிக்க ஆரம்பிக்கும். விவசாயிகள் அழைப்பார்கள், நோயாளிகளின் வீட்டார் அழைப்பார்கள், சிலர் நேரிலேயே வந்துவிடுவார்கள். அந்த ஃபோனை எடுப்பது நீங்கள் இல்லை, அலுவலக உதவியாளர். எங்கள் பல்கலைக்கழகத்தில் உடல்நலம், விவசாயம், குடிநீர் என்று எந்தச் செய்தி அனுப்பினாலும், அதற்கு முந்தைய நாளே பேராசிரியரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி அந்த மேசையில் ஒட்டிவிடுகிறோம். இது இப்போது கிடைக்குமா, கிடைக்காதா. கிடைக்காது என்றால் ஏன். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. மேற்கொண்டு யாரைப் பார்க்கலாம். நாலு வரி, பெரிய எழுத்தில், தமிழில். நேரில் வருபவருக்கு உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், பேராசிரியர் எத்தனை மணிக்கு வருவார் என்ற தகவல். அரூரிலிருந்து வந்தவருக்கு அன்றைக்கு இது எதுவும் இருக்கவில்லை.